லத்தீன் வினைச்சொல்லின் வேரைத் தேட: லூயிஸ்–ஷார்ட்டா, டெ வானா?

லத்தீன் படிக்கிறவர்களுக்கு ‘கோலோ’ என்ற வினைச்சொல் சீக்கிரமே எதிர்ப்படும். நிலத்தை உழுவதும் அதுதான், ஓரிடத்தில் குடியிருப்பதும் அதுதான், தெய்வத்தை வழிபடுவதும் அதுதான். இந்த மூன்றும் எப்படி ஒரே சொல்லில் சேர்ந்தன என்று தெரிந்துகொள்ளத்தான் மிஹீல் டெ வானின் வேர்ச்சொல் அகராதியை (2008) வாங்கினேன். அதுவரை 1879-இல் வந்த லூயிஸ்–ஷார்ட் அகராதியே கைகொடுத்து வந்தது.

லூயிஸ்–ஷார்ட் இணையத்தில் இலவசம். மேற்கோள்கள் குவிந்து கிடக்கும். ‘கோலோ’வுக்கு உழவில் தொடங்கி, குடியிருப்பு, பராமரிப்பு, வழிபாடு என்று ஒவ்வொரு பொருளுக்கும் சான்று தரும். பொருளுக்கு அது போதும்.

வேர் என்று வந்தால்தான் இடிக்கிறது. அடைப்புக்குறிக்குள் ஒரு சிறு குறிப்பு, மாடு மேய்ப்பவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு ஓர் ஒப்பீடு, அவ்வளவுதான். டெ வான் ‘சுழல், சுற்றி வா’ என்ற பொருளுள்ள இந்தோ–ஐரோப்பிய வேருக்கே, அதாவது லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் மூன்றுக்கும் பொதுவான மூல மொழியின் வேருக்கே, போய்விடுகிறார். அதன் ஆரம்ப ஒலி ‘க்வ்’. பின்னால் ‘ஒ’ வந்ததால் ‘கோலோ’வில் அந்த ‘வ்’ மறைந்துவிட்டது. ஆனால் குடியிருப்பவனைக் குறிக்கும் ‘இன்க்விலீனுஸ்’ என்ற சொல்லில், உயிரொலி ‘இ’ ஆகிவிட்டதால், பழைய ‘க்வ்’ இன்றும் அப்படியே இருக்கிறது. சமஸ்கிருதத்தில் இதே வேர்தான் ‘சரதி’. நாம் ‘சஞ்சாரம்’ என்று சொல்வதில் இருப்பதும் அதுவே. ஓரிடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறவன் அங்கேயே தங்குகிறான், அந்த மண்ணைப் பார்த்துக்கொள்கிறான், அப்புறம் அங்குள்ள தெய்வத்தையும் பேணுகிறான். மூன்று பொருளும் ஒரே கோட்டில் வந்துவிடுகின்றன. இந்த ஒரு பதிவுக்காகவே புத்தகத்துக்குக் கொடுத்த விலை தகும் என்பேன்.

விலை அதிகம்தான். மேற்கோள்களும் இருக்காது. கிரேக்கத்திலிருந்து லத்தீன் கடன் வாங்கிய சொற்களை இதில் தேடவே வேண்டாம். ஆஸ்கன், அம்பிரியன் போன்ற பழைய இத்தாலிய மொழிகளில் எனக்குப் பழக்கம் குறைவு. அந்தப் பக்கம் டெ வான் சொல்வதை எடைபோட நான் சரியான ஆள் இல்லை.

ஆக்ஸ்ஃபோர்டு லத்தீன் அகராதியையும் சிலர் சொல்வார்கள். செவ்வியல் காலத்துக்கு நல்ல துணை. ஆனால் ஏறக்குறைய கி.பி. 200-உடன் நின்றுவிடும். அகுஸ்தீன் போன்ற கிறிஸ்தவ ஆசிரியர்கள் ‘கோலோ’வை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்க்க மறுபடியும் லூயிஸ்–ஷார்ட்டைத்தான் திறக்க வேண்டும்.