எங்கள் கிராம ஊராட்சி: ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் எங்கள் கிராம ஊராட்சிக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். 2024 வரை என்றால் நான்கு போட்டிருப்பேன். குறைந்துபோன அந்த ஒன்று, எங்களுக்கு வார்டு உறுப்பினர் இல்லாமல் போனதற்காக.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு வரி கட்டுவது லேசாகிவிட்டது. முன்பெல்லாம் ஊராட்சி செயலர் எப்போது இருப்பார் என்று பார்த்துப் போகவேண்டும். இப்போது போனிலேயே வரி பாக்கியைப் பார்த்துக் கட்டி, ரசீதையும் எடுத்துக்கொள்ளலாம். தையல் கடை நடத்தும் எனக்குப் பகலில் கடையைப் பூட்டாமல் வேலை முடிவது பெரிய உதவி. குப்பை வாங்க வரும் தூய்மைக் காவலர்களுக்குத் தனியாகவே ஐந்து நட்சத்திரம். மழையிலும் வண்டி வந்துவிடும். அவர்களுக்குக் கொடுக்கும் சம்பளம் ரொம்பக் குறைவு என்பதையும் இங்கேயே சொல்லவேண்டும்.

தண்ணீர், தெருவிளக்கு, சாக்கடை, ஊருக்குள் இருக்கும் ரோடு, சுடுகாடு இவைதான் ஊராட்சியின் அன்றாட வேலை. பட்டா, சாதிச் சான்றிதழ் எல்லாம் வருவாய்த் துறை. அதற்கு ஊராட்சி அலுவலகத்தில் போய் நின்று பலர் அலைகிறார்கள். விஏஓவையோ இ-சேவை மையத்தையோ பாருங்கள்.

இனி குறை. 2019 டிசம்பர் தேர்தலில் எங்கள் வார்டுக்கு வந்தவர் அடுத்த தெரு அக்கா. பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு வந்த பிறகு நடந்த முதல் உள்ளாட்சித் தேர்தல் அது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் அவர் வீட்டு வாசலில் நின்று சொன்னால் போதும், உடனே டேங்க் ஆபரேட்டருக்குப் போன் போடுவார். மோட்டார் பழுதா, வால்வு அடைப்பா என்று எங்களுக்கும் தெரிந்துவிடும். சரிசெய்ய நாளானாலும் காரணம் தெரியும், கோபம் வராது.

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு அவர்கள் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் உரிய நேரத்தில் நடக்காததால், தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பதிலாக அரசு அதிகாரி ஒருவர் தனி அலுவலர் என்ற பெயரில் பொறுப்புக்கு வந்தார். எங்களுக்குத் தனி அலுவலர் வட்டார வளர்ச்சி அலுவலர்தான். ஒன்றியத்தில் உள்ள ஊராட்சிகள் எல்லாம் அவர் தலையில். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? ஒரே ஆள் எத்தனை தெருவுக்குப் பதில் சொல்ல முடியும்? என் கடை வாசல் தெருவிளக்கு அணைந்து கிடந்தபோது செயலரிடம் சொன்னேன், ஒன்றிய அலுவலகத்தில் மனுவும் கொடுத்தேன். பல்பு வந்தது, ஆனால் தீபாவளித் தையல் வேலை எல்லாம் முடிந்த பிறகு. ராத்திரி துணி வாங்க வரும் பெண்கள் அந்த இருட்டில்தான் நடந்து போனார்கள்.

அரசியல் சட்டத்தின் 73வது திருத்தம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் நடத்தவேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது. எங்கள் மாநிலத்தில் 2016ல் நடக்கவேண்டியதே 2019ல்தான் நடந்தது. இதை ஏன் யாரும் பெரிய விஷயமாக எடுப்பதில்லை என்பது எனக்கு உண்மையாகவே புரியவில்லை. சட்டமன்றத் தேர்தலை இப்படித் தள்ளிப் போட்டால் விடுவோமா?

தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை நடக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் உறுப்பினர்தான், யாரும் அழைக்கவேண்டியதில்லை. வரவு செலவை அங்கே வாசிக்கவேண்டும். எங்கள் ஊரில் வேகமாக வாசித்துவிட்டுக் கையெழுத்துக்கு நோட்டை நீட்டுவார்கள். கையெழுத்துப் போடும் முன் தெருவிளக்குச் செலவைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். முகம் சுளிக்காமல் வாசித்தார்கள், பில்லையும் காட்டினார்கள். அதற்காகத்தான் இந்த மூன்றிலும் குறைக்கவில்லை.

போகிறவர்களுக்கு ஒன்று: கோரிக்கையை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.