குளச்சல் உப்புக்காற்றில் ஒரு ஸ்பெக்ட்ரம்: கூட நின்றவையும் கைவிட்டவையும்

1986 மே மாதம் துபாயிலிருந்து லீவுக்கு வந்த மாமா பெட்டியைப் பிரித்தார். அம்மாவுக்குச் சேலை, அப்பாவுக்கு டார்ச் லைட், வீட்டுக்குப் பொதுவாக ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன். எனக்கு ஒரு கறுப்புப் பலகை. "கம்ப்யூட்டராக்கும் மக்களே, டிவில மாட்டணும்" என்றார். சிங்க்ளேர் ஸ்பெக்ட்ரம் பிளஸ் என்ற பிரிட்டிஷ் வீட்டுக் கம்ப்யூட்டர், நினைவகம் 48 கே. 1982இல் வந்த ரப்பர் கீபோர்டு ஸ்பெக்ட்ரத்தை பிளாஸ்டிக் கீபோர்டுக்குள் வைத்து 1984இல் விட்டது இது. உள்ளே இரண்டும் ஒன்றுதான். 1992 வரை ஓட்டினேன். அப்புறம் பரணில் கிடந்தது. 2013இல் இறக்கி, கெப்பாசிட்டர்களை மாற்றி, இன்றுவரை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதோடு மாட்டி நான் பயன்படுத்திய சாமான்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்குப் பத்து நிமிஷ நடை. ஜன்னல் கம்பி இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெயிண்ட் கேட்கும். வருஷத்தில் இரண்டு பருவமழை, இடையில் கோடை இடி வேறு. இங்கிலாந்துக்காரர்கள் பத்துக்குப் பத்து போடும் சாமான் இங்கே மூன்று கூட வாங்காமல் போகலாம்.

டிவியிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஸ்பெக்ட்ரம் படத்தை யுஹெச்எஃப் 36ஆம் சேனலில் அனுப்பும். எங்கள் கறுப்பு வெள்ளை டிவியின் குமிழில் 12 வரைதான் உண்டு. மாமாவும் நானும் ஒரு நாள் முழுக்கத் திருகிப் பார்த்தோம், புள்ளி மழைதான். கடைசியில் இரண்டு வீடு தள்ளி, சவூதியிலிருந்து வந்த கலர் டிவியில்தான் '1982 சிங்க்ளேர் ரிசர்ச் லிமிடெட்' என்ற வரியை முதலில் பார்த்தேன். அந்த வீட்டில் சீரியல் ஆரம்பித்ததும் நான் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும்.

இப்போது அந்தக் கவலை இல்லை. பலகைக்குள், படத்தை டிவி சேனல் சிக்னலாக மாற்றும் மாடுலேட்டருக்குப் போகும் வீடியோ வயரைப் பிரித்து, ஒரு கெப்பாசிட்டர் வழியாக அதே பின்பக்க ஓட்டைக்குக் கொடுத்துவிட்டால் எந்த டிவியின் மஞ்சள் ஏவி சொருகியிலும் படம் வரும். பல டிவிகளில் பார்த்துவிட்டேன். எனக்குப் பிடித்தது 2006இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் ரேஷன் கார்டுக்குக் கிடைத்த 14 இஞ்ச் இலவசக் கலர் டிவி. சிரிக்க வேண்டாம். ஸ்பெக்ட்ரத்தின் 256க்கு 192 புள்ளிகளுக்கு அந்தச் சின்னக் குழாய்த் திரை அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. எல்ஈடி டிவியில் ஒவ்வொரு புள்ளியும் செங்கல் மாதிரி தெரியும், நிறங்களும் ஓரத்தில் நடுங்கும். இரண்டு இலவச டிவிகளை ஆக்கர் கடையிலிருந்து (பழைய சாமான் கடைதான்) மீட்டு, ஒன்றை ஸ்பேராக வைத்திருக்கிறேன்.

அடுத்தது டூ-இன்-ஒன். எல்லாவற்றையும் விட அதிகம் சொல்ல இருப்பது இதைப் பற்றித்தான். ஸ்பெக்ட்ரத்துக்கென்று தனி டேப் ரெக்கார்டர் தேவையில்லை. இயர்போன் ஓட்டை உள்ள எதுவும் போதும். ஜே கீயைத் தட்டினால் 'லோட்' வரும், இரண்டு மேற்கோள் குறி, என்டர், டேப்பில் பிளே. 'பீஈஈ' என்று ஒரு நீண்ட ஒலி. திரையின் ஓரத்தில் சிவப்பும் நீலப்பச்சையுமாகத் தடித்த கோடுகள் மெதுவாக நகரும். பிறகு 'கிர்ர்ர்' என்று கரகரப்பு. நீலமும் மஞ்சளுமாக மெல்லிய கோடுகள் துடிக்கும். படம் வரும் விதம் இன்னும் அழகு. திரையை மூன்று பங்காகப் பிரித்து, எட்டுக் கோட்டுக்கு ஒன்றாகக் கறுப்பு வெள்ளையில் நிரப்பி, எல்லாம் முடிந்த பிறகு மேலிருந்து கீழாக நிறத்தை அள்ளிப் பூசும். முழு 48 கே கேம் ஏற ஐந்து நிமிஷம் வரை ஆகும். "பம்பு செட்டு காத்து இழுக்குற மாதிரி என்னத்துக்குடே கத்துது?" என்று அம்மா அடுக்களையிலிருந்து கேட்பாள்.

வால்யூம் முக்கால் பங்கு, டிரெபிள் முழுக்க. சரியான இடம் கிடைத்ததும் குமிழில் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தேன், அது இன்னும் இருக்கிறது. அப்படியும் நாலரை நிமிஷம் ஓடிவிட்டு 'ஆர் டேப் லோடிங் எரர்' என்று வந்து நிற்கும். பெரும்பாலும் காரணம் நாடாவைப் படிக்கும் ஹெட்டின் சாய்வு. ஹெட் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். கேசட்டை ஓடவிட்டு அதைக் கால் சுற்று இப்படியும் அப்படியும் திருப்பினால் ஓரிடத்தில் சத்தம் கூர்மையாகும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். நண்பன் வீட்டு ரெக்கார்டரில் பதிந்த கேசட் நம் வீட்டில் ஏறாததற்கும் இந்தச் சாய்வுதான் காரணம்.

2013இல் டூ-இன்-ஒன்னின் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக் கிடந்தது. மார்த்தாண்டத்தில் பழைய மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். "பாட்டு கேக்கவா?" என்றார். "இல்லண்ணே, கம்ப்யூட்டர்ல மாட்ட" என்றேன். என்னையும் ரெக்கார்டரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரேடியோவும் பாடும், பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னார். நாலு பெல்ட் வாங்கி வைத்தேன், இரண்டு மீதி இருக்கிறது.

சேவ் செய்யும்போது இயர் ஓட்டையில் இருக்கும் ஜாக்கைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒலி சுற்றிச் சுற்றி வந்து பதிவைக் கெடுக்கும். கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது. நான் மறந்து இழந்தது ஒரு தமிழ் எழுத்து புரோகிராம். ஸ்பெக்ட்ரத்தில் நாமே வரைந்துகொள்ள 21 எழுத்துக்கு இடம் உண்டு, ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுக் கட்டம். நம் மெய்யெழுத்து 18 போக மிச்சம் மூன்று. அந்த மூன்றில் எதை வைப்பது என்று பதினொன்றாம் வகுப்பில் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். 'ண' எட்டுக் கட்டத்துக்குள் அடங்கவே இல்லை.

கேசட்டுகளுக்கு எமன் ஈரம். ஐப்பசி மழை முடிந்ததும் நாடாவின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சை பூக்கும். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றி வைக்கிறேன். ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்களை இந்த வீட்டில் யாரும் குப்பையில் போடக் கூடாது என்பது சட்டம்.

கேசட் போனால் செல்போன் இருக்கிறது. கேம் ஃபைலை ஒலியாக மாற்றித் தரும் செயலிகள் உண்டு, போனின் இயர்போன் ஓட்டையிலிருந்து ஒரு வயர் போட்டால் தீர்ந்தது. டேப்பை விடச் சுத்தமான ஒலி. ஒரே தொல்லை, நாலாவது நிமிஷத்தில் குடும்ப வாட்ஸாப் குழுவில் யாராவது 'காலை வணக்கம்' போட்டு, அந்த 'டிங்' ஸ்பெக்ட்ரத்துக்குள் போய்விடும். ஃப்ளைட் மோடு போடப் பழகுங்கள். அந்த ஓட்டை உள்ள போன்களே குறைந்துவருவதால் ஒரு பழைய போனை இதற்கென்றே ஒதுக்கிவிட்டேன்.

2016இல் ஒரு டிவ்எம்எம்சி வாங்கினேன். பலகையின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் 56 முனை எட்ஜ் கனெக்டரில் சொருகும் சின்னப் போர்டு, எஸ்டி கார்டு போடலாம். பொத்தானை அமுக்கினால் பட்டியல் வரும், கேம் கண் மூடித் திறப்பதற்குள் ஏறிவிடும். வசதியில் குறையே சொல்ல முடியாது. ஆனால் ஆயிரம் கேம் கைக்குள் இருந்தால் எதையும் பத்து நிமிஷம் கூட ஆட மாட்டேன் என்று தெரிந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை டேப், மற்ற நாளில் டிவ்எம்எம்சி. என் மகள் டேப் பக்கமே வருவதில்லை, அது அவள் இஷ்டம்.

அந்தக் கனெக்டர்தான் கடலோரத்தில் பெரிய தலைவலி. சொருகியதை அப்படியே விட்டால் மூன்று மாதத்தில் முனைகள் மங்கிவிடும். கேம் நடுவில் கை பட்டதும் திரை வெளுத்து ரீசெட் ஆகும். பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்தால் சரி. கரண்ட் இருக்கும்போது எதையும் மாட்டவோ கழற்றவோ கூடாது. ஒரு முனை பக்கத்து முனையைத் தொட்டால் உள்ளே சிப் போய்விடும்.

ஜாய்ஸ்டிக் மாட்ட ஸ்பெக்ட்ரத்தில் இடமே கிடையாது, தனி இன்டர்ஃபேஸ் வேண்டும். என்னிடம் இருப்பது கெம்ப்ஸ்டன் வகை. வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரே வரி போதும்: '10 பிரிண்ட் இன் 31: கோ டு 10'. சும்மா இருந்தால் 0, வலது 1, இடது 2, கீழே 4, மேலே 8, சுடும் பொத்தான் 16. இரண்டை ஒன்றாக அமுக்கினால் கூட்டுத்தொகை. எந்தத் திசை செத்துவிட்டது என்று அந்த எண்ணே காட்டிக்கொடுக்கும்.

கையில் பிடிப்பது குவிக்‌ஷாட் டூ. அடியில் நாலு ரப்பர் உறிஞ்சிகள். மர மேஜையில் அவை நிற்கவே நிற்காது என்று எல்லோரும் குறை சொல்வார்கள். எங்கள் பழைய வீட்டின் சிவப்பு சிமெண்ட் தரையில் கொஞ்சம் தண்ணீர் தொட்டு அமுக்கினால் அட்டை மாதிரி பிடித்துக்கொள்ளும். தரையில் சம்மணம் போட்டு ஆடுவதற்கு இதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. உள்ளே இருக்கும் தகடுகள் வருஷம் ஒருமுறை வளைந்துகொடுக்கும், திறந்து நிமிர்த்த வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் என் முட்டாள்தனத்தையும் சொல்லியாக வேண்டும். ஸ்பெக்ட்ரத்துக்கு 9 வோல்ட், ஆனால் பின்னின் நடுவில் நெகட்டிவ். நம் கடைகளில் கிடைக்கும் ரவுட்டர் அடாப்டர்களில் நடுவில் பாசிட்டிவ். 2015இல் ஒரு ராத்திரி அவசரத்தில் கைக்குக் கிடைத்த 9 வோல்ட் அடாப்டரைச் சொருகினேன். லேசாக ஒரு வாடை, அவ்வளவுதான். கீழ் 16 கே நினைவகத்தின் எட்டு சிப்புகளும் காலி. அவை மூன்று வேறு வேறு வோல்ட்டேஜ் கேட்கும் பழைய 4116 வகை. எட்டுக்கும் பதிலாக 5 வோல்ட்டில் ஓடும் ஒரே மாற்று போர்டு போட்டு உயிர் கொடுத்தேன். அதோடு வோல்ட்டேஜைக் குறைத்துக் கொடுக்கும், சூடு கக்கும் 7805 ரெகுலேட்டருக்குப் பதில் சின்ன ஸ்விட்சிங் வகையும் மாட்டினேன். ஏப்ரல் வெயிலில் கூடக் கீபோர்டின் மேல்பக்கம் இப்போது சுடுவதில்லை.

மூன்று வருஷமாக வைஃபைக்கு விற்கும் மினி யுபிஎஸ் ஒன்றின் 9 வோல்ட் முனையை, துருவம் மாற்றிய வயர் வழியாக உபயோகிக்கிறேன். வயரில் சிவப்பு நெயில் பாலிஷ். நாலரை நிமிஷம் லோட் ஆன பிறகு கரண்ட் போனாலும் பலகை அசையாது. டிவி அணைந்துவிடும், ஆனால் டூ-இன்-ஒன் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும். இருட்டில் அந்தக் கரகரப்பை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கலாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது இந்த யுபிஎஸ் என்னிடம் இல்லை. இருந்திருந்தாலும் அன்றைக்கு யாருக்கு ஸ்பெக்ட்ரம் ஞாபகம் வந்திருக்கும். இடி கேட்டால் மட்டும் எல்லா வயரையும் பிடுங்கிவிடுவேன், யுபிஎஸ்ஸாவது மண்ணாவது.

ஆசைப்பட்டு வாங்கி வருத்தப்பட்டவை இரண்டு. மைக்ரோடிரைவ்: விரல் நீளக் கேசட்டுக்குள் முடிவில்லாமல் சுற்றும் நாடா, ஒன்றில் 85 கே அளவுக்குச் சேமிக்கலாம். பார்க்க அவ்வளவு அழகு. உள்ளே நாடாவை அழுத்தும் பஞ்சு நம் ஈரத்தில் பொடிந்துவிட்டது, ஆறில் ஒன்றுகூட ஓடவில்லை. இசட்எக்ஸ் பிரிண்டர்: அலுமினியம் பூசிய தாளைத் தீப்பொறியால் எரித்து எழுதும். தாள் தீர்ந்ததோடு அதன் கதையும் முடிந்தது.

கடைசியாகக் கீபோர்டுக்கு அடியில் இருக்கும் மெம்பிரேன், கீ அமுக்குவதை உணரும் மெல்லிய பிளாஸ்டிக் தாள். பழையதன் வால் அப்பளம் மாதிரி முறியும், புதிதாகச் செய்து விற்கிறார்கள். நான் இதுவரை இரண்டு மாற்றிவிட்டேன். மூன்றாவது சிலிக்கா பொட்டலங்களோடு அரிசி டப்பாவில் இருக்கிறது. போன வாரம் அம்மா அதைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல எதுக்குடே எக்ஸ்ரே வச்சிருக்க?" என்றாள்.