பழைய ஸ்கோஃபீல்ட் வேதாகமம்: 18 வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகும் உறுத்தும் ஒரு குறிப்பு

போன வாரம் என் ஸ்கோஃபீல்ட் பைண்டிங் கடையிலிருந்து திரும்பி வந்தது. 18 வருஷம் தினமும் புரட்டியதில் முதுகு பிரிந்து, மத்தேயு சுவிசேஷத்தின் சில தாள்கள் கையோடு வர ஆரம்பித்திருந்தன. 900 ரூபாய் ஆனது. தையல் உறுதியாக இருக்கிறது. ஓரங்களைச் சீராக வெட்டியதில் பென்சிலில் எழுதி வைத்திருந்த சில வார்த்தைகள் பாதியாகப் போயின, அது மட்டும் வருத்தம். புது அட்டையோடு ஞாயிறு கூடுகைக்குக் கொண்டுபோனபோது ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, நானும் ஒண்ணு வாங்கலாமா?" அங்கேயே பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1917 பதிப்பின் மறு அச்சு. 1909-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் முதலில் வெளியிட்டதைச் சைரஸ் ஸ்கோஃபீல்டே திருத்திய பதிப்பு. கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு, நடுவில் ஒத்துவாக்கியப் பத்தி (ஒரே கருத்துள்ள மற்ற வசனங்களைக் காட்டும் பத்தி), பக்கத்தின் அடியில் குறிப்புகள். தேவன் மனிதரோடு நடந்துகொள்ளும் விதத்தை வைத்து அந்தக் குறிப்புகள் வரலாற்றைப் பிரிக்கும் ஏழு யுகங்களை இங்கே விரிவாக விளக்கப் போவதில்லை. குற்றமின்மை, மனசாட்சி, மனித அரசாட்சி, வாக்குத்தத்தம், நியாயப்பிரமாணம் (மோசே மூலம் வந்த சட்டம்), கிருபை, ராஜ்யம் என்று சுவரில் தொங்கும் துணி வரைபடத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள்தான் இதைப் படிப்பீர்கள்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். நான் வளர்ந்த சூழலில் பிரசங்கம் என்றாலே பயம். தசமபாகம் கொடுக்கத் தவறிய மாதத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், மல்கியா 3-ஆம் அதிகாரத்தின் சாபம் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று நடுங்குவோம். சம்பளம் வந்ததும் பத்தில் ஒன்றைத் தனி உறையில் வைத்துவிட்டு, அதில் குறைந்த ஐம்பது ரூபாயை நினைத்துத் தூங்காமல் கிடந்த இரவு எனக்கு நினைவிருக்கிறது. அந்த நாட்களில்தான் ஒரு மூத்த சகோதரர் இந்தப் பைபிளைக் கையில் கொடுத்து, யோவான் 1:17-க்கு அடியில் இருந்த குறிப்பைக் காட்டினார். அதன் சாரம்: நியாயப்பிரமாணத்தின் கீழ் தேவன் மனிதனிடம் நீதியைக் கேட்கிறார், கிருபையின் கீழ் அவனுக்கு நீதியைக் கொடுக்கிறார்.

கேட்பது, கொடுப்பது. அவ்வளவுதான். அன்று அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு அழுதேன். அப்புறம் கலாத்தியர் 3-ஆம் அதிகாரத்தில் நியாயப்பிரமாணத்தைப் பற்றிய சுருக்கம், ரோமர் 6:14. "நீங்கள் நியாயப்பிரமாணத்திற்குக் கீழ்ப்பட்டிராமல் கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால்" என்ற வசனத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அது என்னைப் பற்றிச் சொல்லப்பட்டது என்று இந்தப் பைபிளோடு உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இன்றைக்கும் காணிக்கை கொடுக்கிறேன், முன்னைவிடக் கூடுதலாகவே கொடுக்கிறேன். பயந்து கொடுப்பதில்லை. இந்த ஒன்றுக்காக ஸ்கோஃபீல்டுக்கு வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன்.

சரி, இப்போது மத்தேயு 6:12.

"எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." பரமண்டல ஜெபத்தின் நடுவரி. இதற்கு ஸ்கோஃபீல்ட் எழுதிய குறிப்பு, இது நியாயப்பிரமாணத்தின் தளம் என்று தொடங்குகிறது. எபேசியர் 4:32-ஐ ஒப்பிட்டுப் பார், அதுவே கிருபை என்கிறது. நியாயப்பிரமாணத்தில், நாம் மன்னித்தால்தான் நமக்கு மன்னிப்பு. கிருபையில், கிறிஸ்துவினிமித்தம் ஏற்கெனவே மன்னிக்கப்பட்டோம், ஆகவே மன்னிக்கும்படி புத்தி சொல்லப்படுகிறோம். சில வரிகள்தான். 18 வருஷமாக என்னைக் குத்துவது அந்தச் சில வரிகள்.

ஸ்கோஃபீல்ட் ஊழியத்துக்கு வருமுன் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் வழக்கறிஞராக இருந்தவர். யுகப் பிரிவுப் போதனைக்கு அவருக்கு முன்பே உருக் கொடுத்த ஜான் நெல்சன் டார்பியும் அயர்லாந்தில் சட்டம் படித்து, பிறகு அதை விட்டுக் குருவானவர். ஒரு நல்ல வக்கீல் காகிதங்களைக் கலக்கவிட மாட்டார். இது இஸ்ரவேலின் கட்டு, இது சபையின் கட்டு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நாடா கட்டி வைப்பார். அந்த ஒழுங்கால்தான் என் போன்றவர்களுக்கு மல்கியாவின் சாபத்திலிருந்து விடுதலை கிடைத்தது. அதே ஒழுங்குதான் கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தின் ஒரு வரியை எடுத்து அடுத்தவர் கட்டில் வைத்துவிட்டது.

என் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அப்பா இறந்த பிறகு வீட்டு மனையைப் பிரிப்பதில் எனக்கும் அண்ணனுக்கும் சண்டை. நான்கு வருஷம் பேச்சு இல்லை. அம்மா சி.எஸ்.ஐ. சபை. ஊருக்குப் போனால் சாயங்காலக் குடும்ப ஜெபத்தைப் பரமண்டல ஜெபத்தோடுதான் முடிப்பார்கள். எங்கள் கூடுகையில் அதைச் சேர்ந்து சொல்லும் வழக்கம் இல்லை; ஆனாலும் அம்மாவுக்காகச் சொல்வேன், அந்த வரி வரும்போது மட்டும் நிறுத்திக்கொள்வேன். ஒரு நாள் அம்மா கேட்டுவிட்டார்கள்.

"அந்த வரி வந்தா மட்டும் ஏம்பா வாய மூடிக்கிடுத?"

நான் குறிப்பை எடுத்துக் காட்டினேன். இது நியாயப்பிரமாண யுகத்து ஜெபம், சிலுவைக்கு முந்தியது, நாம் கிருபையின் காலத்தில் இருக்கிறோம் என்று விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டார்கள்.

"கிருபையில இருக்கவன் அண்ணன்கிட்ட பேசமாட்டானோ?"

எனக்குப் பதில் வரவில்லை. அண்ணனுக்குப் போன் செய்ய இன்னும் ஏழு மாதம் ஆனது.

இந்தக் குற்றத்தை ஸ்கோஃபீல்ட் மேல் போடக் கூடாது, அது அநியாயம். மன்னிக்காதே என்று அவர் எங்கேயும் எழுதவில்லை. அதே குறிப்பின் இரண்டாம் பாதி, மன்னிக்கப்பட்டவன் மன்னிக்க வேண்டும் என்றுதான் முடிகிறது. மலைப்பிரசங்கத்தின் தொடக்கத்தில் அவர் போட்ட நீண்ட குறிப்பும், அதன் நேரடிப் பொருள் வரப்போகும் ராஜ்யத்துக்குரியது என்று சொன்னாலும், கிறிஸ்தவனுக்கும் அதில் ஒழுக்கப் பாடம் உண்டு என்கிறது. பாதியைப் படித்துவிட்டு என் கோபத்துக்குப் போர்வையாக்கியது நான்.

ஆனாலும் அந்தக் குறிப்பு தப்பு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மத்தேயு 18-ல் அதே கர்த்தர் ஓர் உவமை சொல்கிறார். பதினாயிரம் தாலந்து கடன்பட்டவனை ராஜா முதலில் மன்னித்து விடுகிறார். நிபந்தனை இல்லை, தவணை இல்லை. அதன் பிறகுதான் அவன் நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன் வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். "நான் உனக்கு இரங்கினதுபோல, நீயும் உன் உடன்வேலைக்காரனுக்கு இரங்கவேண்டாமோ" என்பது ராஜாவின் கேள்வி. அங்கே கிருபை முந்தி வருகிறது, எச்சரிப்பு அதன் பின்னால் வருகிறது. இதை எந்தக் கட்டில் வைப்பது? எபேசியர் 4:32 சொல்வதும் இதைத்தானே.

நியாயப்பிரமாணம் கொடுக்கப்பட்ட சீனாய் மலைக்கும் இதே கதிதான். ஆதியாகமம் 12-க்கான குறிப்பில், இஸ்ரவேல் அவசரப்பட்டு நியாயப்பிரமாணத்தை ஏற்றுக்கொண்டது, கிருபையைக் கொடுத்து நியாயப்பிரமாணத்தை வாங்கிக்கொண்டது என்று எழுதியிருக்கிறார். யாத்திராகமம் 19-ஐப் பாருங்கள். "செய்வோம்" என்று ஜனங்கள் சொல்வதற்கு முன்பே, கழுகுகளுடைய செட்டைகளின்மேல் உங்களைச் சுமந்தேன் என்கிறார் கர்த்தர். பத்துக் கற்பனைகளும், அடிமைத்தன வீட்டிலிருந்து உன்னைப் புறப்படப்பண்ணினேன் என்ற வார்த்தைக்குப் பிறகுதான் வருகின்றன. மீட்கப்பட்ட ஜனத்துக்கு மீட்டவர் கொடுத்த கட்டளையைக் கிருபைக்குப் பதில் வாங்கிய மட்டமான சரக்கு போலப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இது எனக்கு மட்டும் வந்த சந்தேகமும் இல்லை. யோவான் 1:17-ல் நான் அழுத அதே குறிப்பில், இரட்சிப்புக்கு நிபந்தனையாக நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்படிகிறானா என்று மனிதனைச் சோதித்துப் பார்ப்பது இனி இல்லை என்று ஒரு வாக்கியம் உண்டு. அப்படியானால் முன்பு அதுதான் நிபந்தனையா, தாவீது கிரியையினாலா இரட்சிக்கப்பட்டான் என்று கேட்டவர்கள் பலர். 1944-ல் அமெரிக்கத் தென்மாநில பிரஸ்பிட்டேரியன் சபை, இந்த யுகப் பிரிவுப் போதனை தன் விசுவாச அறிக்கையோடு ஒத்துப்போகவில்லை என்றே சொல்லிவிட்டது. 1967-ல் வந்த புதிய ஸ்கோஃபீல்ட் பதிப்பு, எந்த யுகத்திலும் இரட்சிப்பு விசுவாசத்தின் மூலம் கிருபையினாலேதான் என்று தெளிவாகச் சொல்கிறது. நல்ல திருத்தம். எங்கள் பக்கத்துப் போதகர்கள் பலர் கையில் இருப்பது பழையதுதான் என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஒரு சொல்லை வசனத்துக்கு வசனம் தொடர்ந்து காட்டும் ஒத்துவாக்கியச் சங்கிலிக்கு மட்டும் தனியாக ஒரு பாராட்டு. கிருபை என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போய்க் கடைசியில் சுருக்கத்தில் நிற்கும் சுகத்துக்காகவே மறுபடியும் 900 ரூபாய் கொடுப்பேன்.

தம்பிக்கு என் பதில்: இப்போது வாங்காதே. குறிப்பே இல்லாத ஒரு தமிழ் வேதாகமத்தில் யாத்திராகமம் 19, 20, பிறகு மத்தேயு முழுவதும், பிறகு கலாத்தியர் என்று வரிசையாக இரண்டு முறை படி. கல்யாணப் பேச்சில் உன் சித்தப்பாவோடு முறைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன், அது முடியட்டும். அதன் பிறகும் வேண்டும் என்றால் என்னிடம் வா, இதையே தருகிறேன். மத்தேயு 6:12-க்குப் பக்கத்தில் பென்சிலில் 18:33 என்று எழுதியிருப்பேன். ஓரம் வெட்டியதில் கடைசி எண் போய்விட்டது, நீ எழுதிக்கொள்.