வெள்ளை கேபினெட்: கண்ணாடியா, மெஷ்ஷா?

வெள்ளை நிற டெஸ்க்டாப் ஒன்றை அப்கிரேடு செய்யப் போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது என்ன கிராஃபிக்ஸ் கார்டு, என்ன ப்ராசஸர் என்றுதான். எங்கள் திருநெல்வேலி மாவட்டத்து வள்ளியூர் பக்கத்தில் அதைவிடப் பெரிய கேள்வி கேபினெட், அதாவது இவற்றையெல்லாம் வைக்கிற பெட்டி. ஆனி பிறந்ததும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று, காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, போகிற போக்கில் செம்மண்ணையும் வாரிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்துவிடும். கறுப்புப் பெட்டியில் அது சட்டென்று கண்ணில் படாது. வெள்ளையில் மறுநாளே தெரியும். அதனால் நான் எதிரெதிரே வைத்துப் பார்த்தது இந்த இரண்டைத்தான்: ‘மீன்தொட்டி’ என்று எல்லோரும் சொல்கிற, முன்னும் பக்கவாட்டிலும் கண்ணாடி வைத்த கேபினெட்டும் 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் உள்ள ஏஐஓ லிக்விட் கூலரும் (ப்ராசஸரின் சூட்டைத் திரவம் வழியாக ரேடியேட்டருக்குக் கொண்டுபோவது) ஒரு பக்கம், முன்பக்கம் முழுக்க மெஷ், அதாவது சல்லடை வலை, வைத்த கேபினெட்டும் தகடுகளும் ஃபேனும் மட்டும் உள்ள சாதாரண டவர் கூலரும் இன்னொரு பக்கம். வாங்கியது இரண்டாவதை. அந்தப் பக்கம்தான் சாய்ந்து எழுதப் போகிறேன், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உள்ளே இருக்கும் சாமான்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய மெஷினில் இருந்தது ரைசன் 5 3600, பி550 மதர்போர்டு. ஏஎம்டியின் அடுத்த தலைமுறை சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போனால் வெள்ளை மதர்போர்டுகள் விதவிதமாகக் கிடைக்கின்றன, உண்மைதான். ஆனால் போர்டு, ப்ராசஸர், டிடிஆர்5 ராம் மூன்றையும் ஒரே மூச்சில் வாங்க வேண்டும், 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தபிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டேன். அதே போர்டில் ரைசன் 7 5700எக்ஸ் போட்டாயிற்று. எட்டு கோர், 65 வாட், கல்யாண வீடியோ எடிட்டிங்குக்குத் தாராளம். ராத்திரி முழுக்க கேம் ஆடுகிறவர்கள் 96 எம்பி கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிற வேக நினைவகம்) உள்ள 5700எக்ஸ்3டி-யைத் தேடலாம். கிளாக் வேகம் குறைவு என்பதால் எடிட்டிங்கில் அதனால் பெரிய லாபம் இல்லை. எதைப் போட்டாலும் பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள், யுபிஎஸ்ஸில் மாட்டிவிட்டு. கூடங்குளம் எங்களுக்குக் கூப்பிடு தூரம்தான், ஆனாலும் ஆடிக் காற்றில் கம்பி ஆடினால் கரண்ட் போகத்தான் செய்யும்.

கார்டு ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 16 ஜிபி, வெள்ளைப் பதிப்பு. இது எட்டு லேன் கார்டு, அதாவது மதர்போர்டோடு தகவல் போய்வர எட்டுப் பாதைதான். பி550-இல் கார்டு மாட்டும் ஸ்லாட் வேகமான பிசிஐஇ 4.0 என்பதால் கவலை இல்லை. பி450 வைத்திருப்பவர்களுக்கு 3.0தான் என்பதால், முழுப் பதினாறு லேன் கொடுக்கிற ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யும் யோசிக்க வேண்டிய ஒன்று. வெள்ளைக்குக் கொஞ்சம் கூடுதல் காசு கேட்பார்கள். கொடுத்து வாங்கியபிறகு ஓரத்தில் எட்டிப் பார்த்தால் உள்ளே சர்க்யூட் போர்டு கறுப்பாகவே இருக்கும் கார்டுகளும் உண்டு. அதோடு ஒரு கம்பெனி வெள்ளை பால் மாதிரி, இன்னொன்று லேசான சாம்பல். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தால் மெஷின் கட்டி முடியாது.

சரி, கேபினெட்டுக்கு வருவோம்.

கண்ணாடி கேபினெட்டின் அழகில் குறை சொல்ல எதுவும் இல்லை. 2018-இல் லியான் லி ஓ11 டைனமிக் வந்ததிலிருந்து இந்த வடிவம் பரவி, இப்போது சின்ன கம்பெனிகள்கூட அதே மாதிரி விலை குறைவாகக் கொண்டுவந்துவிட்டன. மூலையில் தூண் இல்லாமல் இரண்டு கண்ணாடியும் சேரும் இடத்தில் வெள்ளை கார்டும் வெள்ளை ஒயர்களும் நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். என் சித்தப்பா மகன் பாளையங்கோட்டையில் வைத்திருப்பது இதுதான். மாடியறை, ஏசி, எப்போதும் சாத்திய சன்னல். அங்கே அது நன்றாகத்தான் ஓடுகிறது, வெப்பநிலையும் என்னுடையதைவிடக் குறைவாகவே காட்டுகிறது. என் மெஷினைப் பார்த்துவிட்டு அவன் சொன்னது, “அண்ணே, கொசுவலை அடிச்ச சன்னல் மாரில்லா இருக்கு.” இருந்துவிட்டுப் போகட்டும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது தூசி, இன்னும் சரியாகச் சொன்னால் தூசியைத் துடைக்க ஆகும் வேலை. மீன்தொட்டியில் முன்பக்கம் கண்ணாடி என்பதால் காற்று அந்த வழியாக வர வழியில்லை. கீழிருந்தும் பக்கவாட்டிலிருந்தும்தான் இழுக்க வேண்டும். கீழே இருக்கிற ஃபேன் தரைக்கு இரண்டு மூன்று விரல்கடை உயரத்தில் நிற்கிறது. விளக்குமாற்றால் பெருக்குகிற வீட்டில், அந்த உயரத்தில்தான் தூசி அதிகம். மேசைமேல் தூக்கி வைத்தாலும் மேசையில் படிகிற மண் அங்கேதான் போகும். ஃபில்டர் அடியில் இருக்கிறது, அதை உருவிக் கழுவலாம். ஆனால் சில மாடல்களில் பெட்டியைச் சாய்த்தால்தான் அது முழுதாக வெளியே வரும், கண்ணாடியும் எஃகும் சேர்ந்த பெட்டி லேசுப்பட்ட எடை இல்லை.

அதற்கு மேல் ஏஐஓ. ரேடியேட்டரில் ஃபேனுக்கும் தகட்டு இடுக்குகளுக்கும் நடுவே தூசி பஞ்சு மாதிரி திரண்டு உட்காரும். வெளியிலிருந்து பார்த்தால் ஃபேன் சுத்தமாகத்தான் தெரியும், உள்ளே காற்று போகாது. எடுக்க வேண்டுமானால் ஒவ்வொரு ஃபேனிலும் நான்கு ஸ்க்ரூ, மூன்று ஃபேன், பாதி நேரம் மேல் தட்டோடு ரேடியேட்டரையே இறக்க வேண்டிவரும். டவர் கூலரில் ஃபேனைப் பிடித்திருப்பது ஒரு வளைந்த கம்பி. விரலால் நெம்பினால் கழன்றுவிடும், பெயிண்ட் பிரஷ்ஷால் தகடுகளைத் தட்டிவிட்டு மறுபடி மாட்டிவிடலாம், ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம். டீப்கூல் ஏகே400, தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் இரண்டிலும் வெள்ளை நிறம் கிடைக்கிறது. 65 வாட் ப்ராசஸருக்கு ஏகே400 போதும். உயரம் 155 மில்லிமீட்டர், கேபினெட்டில் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெஷ் கேபினெட்டில் முன்பக்க பேனல் இழுத்தால் கையோடு வரும். ஆடி மாதத்தில் வெள்ளை மெஷ் வெளிறிய காவி நிறத்துக்குப் போய்விடும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தக் காவி வெளியே நிற்கிறது. குழாயடியில் காட்டி, வெயில் படாத இடத்தில் காயவைத்து மாட்டினால் பழையபடி வெள்ளை. மண் உள்ளே போகாமல் முன்னாலேயே நிற்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: வெளியே தள்ளுகிற காற்றைவிட உள்ளே இழுக்கிற காற்று கூடுதலாக இருக்க வேண்டும். முன்னால் மூன்று 120 மில்லிமீட்டர் ஃபேன், பின்னால் ஒன்றே ஒன்று, மேலே எதுவும் வேண்டாம். அப்போது இடுக்குகள் வழியாகக் காற்று வெளியேதான் போகும், ஃபில்டர் இல்லாத ஓட்டைகள் வழியாகத் தூசி நுழையாது. சோதித்துப் பார்க்க ஊதுபத்தி போதும். கொளுத்தி, பின்பக்கம் கார்டு மாட்டும் பட்டிகளின் ஓரம் பிடியுங்கள். புகை விலகிப் போனால் சரி, உள்ளே இழுபட்டால் முன் ஃபேன்களின் வேகத்தைக் கூட்டுங்கள்.

இவ்வளவு செய்தும் உள்ளே சுத்தமாக ஒன்றும் படியாது என்று சொல்ல மாட்டேன். வெள்ளை ஃபேன் இறக்கைகளின் முன்விளிம்பில், காற்றை வெட்டுகிற அந்த ஓரத்தில் மட்டும், மை தீட்டியதுபோல ஒரு கறுப்புக் கோடு விழும். ப்ளோயர் அதை அசைக்காது. ஈரமான இயர் பட்ஸால் ஒவ்வொரு இறக்கையாகத் துடைக்க வேண்டியதுதான், இதில் கண்ணாடியும் மெஷ்ஷும் ஒன்றுதான். கண்ணாடி கேபினெட்டில் ஒன்பது பத்து ஃபேன் மாட்டுகிற பழக்கம் இருக்கிறதே, அங்கே இந்த வேலை எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுற்றினால் பேரிங் போய்விடும். சிபியூவைத் தூக்கிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போய் காற்று அடித்து வருகிற வழக்கம் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. அந்த கம்ப்ரஸர் டேங்கில் தண்ணீர் கோத்திருக்கும், முதல் அடியிலேயே போர்டுமேல் தெளிக்கும். வேண்டாம்.

தூசியோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது பல்லி. கார்டு மாற்றும்போது கழற்றிய பட்டியைத் திரும்ப மாட்டாமல் விட்டால் பல்லிக்கு அது வாசல். கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் உள்ளே போய் உயிரை விட்டு, போகும்போது எஸ்எம்பிஎஸ்ஸையும் கூட்டிக்கொண்டு போன கதை எந்த சர்வீஸ் கடையில் கேட்டாலும் கிடைக்கும். இந்த விஷயத்தில் எந்த கேபினெட்டும் ஓட்டையை அடைத்தால் ஒன்றுதான்.

கண்ணாடிக்கு இன்னொரு பகை டைல்ஸ் தரை. டெம்பர்டு கண்ணாடி நடுவில் அடி தாங்கும், விளிம்பில் தாங்காது. பேனலைக் கழற்றி டைல்ஸ்மேல் நிறுத்தும்போது விளிம்பு ‘டிக்’ என்று பட்டால் முழுப் பலகையும் கல்கண்டாக உதிர்ந்துவிடும். கழற்றுகிறவர்கள் ஒரு பாயை விரித்துக்கொள்ளுங்கள், பத்தமடையின் பட்டுப்பாய் தேவையில்லை, சாதாரணக் கோரைப் பாயே போதும். மெஷ் கேபினெட்டிலும் பக்கவாட்டில் ஒரு கண்ணாடி இருக்கிறது, ஆனால் அதைத் திறக்கிற தேவை குறைவு. சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் வரவழைப்பவர்களுக்கும் ஒரு கண்ணாடி என்பது இரண்டைவிடக் குறைந்த தலைவலி. உடைந்து வந்தால் யார் பொறுப்பு என்பதில் பார்சல்காரர் கடையைக் காட்டுவார், கடைக்காரர் பார்சலைக் காட்டுவார்.

ஏஐஓ பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள், சொந்தமாக வைத்து ஓட்டியதில்லை. பம்ப் என்று ஒன்று இருக்கிறது, அது தேயும். குழாய் வழியாக திரவம் வருடக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும், சூடான இடத்தில் இன்னும் கொஞ்சம் வேகமாக. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தொடுகிற ஊரில், ஏசி இல்லாத அறையில், எந்தக் கூலரும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக ப்ராசஸரை வைக்க முடியாது. டவர் கூலரில் கெட்டுப்போகக் கூடியது ஃபேன் மட்டும், அதைத் திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலேயே வாங்கி மாட்டிவிடலாம். ஆனால் கனமான ப்ராசஸர் போட்டு மணிக்கணக்கில் ரெண்டர் விடுகிறவர்களுக்கு 360 ரேடியேட்டர் தேவைப்படலாம், அவர்கள் கணக்கு வேறு.

மெஷ்ஷின் குறைகளையும் சொல்ல வேண்டும். சத்தம் நேராக வெளியே வரும். ராத்திரி அமைதியில் கார்டு ஃபேன் ஏறி இறங்குவது கேட்கும், பக்கத்தில் பிள்ளை தூங்கினால் யோசியுங்கள். மெஷ்ஷைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டம் மேற்கு சன்னல் வெயில் பட்டால் நாளடைவில் மஞ்சளடிக்கும், பவுடர் கோட்டிங் அடித்த எஃகு அப்படியே இருக்கும், பிறகு ஒரே பெட்டியில் இரண்டு வெள்ளை. உவரி, இடிந்தகரை மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு எந்த வெள்ளை கேபினெட் ஆனாலும் ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றித் துருக்கறை இறங்கும், அது கறுப்பில் இவ்வளவு பளிச்சென்று தெரியாது. ஸ்க்ரூவை இறுக்கும்போது பெயிண்ட் உரியாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது.

திரும்ப விற்பதைப் பற்றிப் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. புதிதாக வாங்கும்போது வெள்ளைக்குக் கொடுத்த கூடுதல் காசை, பழையதை வாங்குகிறவர் இங்கே கொடுப்பதில்லை. மஞ்சளடித்திருந்தால் அதைச் சொல்லியே விலையை இறக்குவார்.

ஏசி அறை, சாத்திய சன்னல், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்றே ஒதுக்குகிற பொறுமை, இவை இருந்தால் கண்ணாடியைத் தாராளமாக வாங்குங்கள், பார்க்கிறவர்களுக்கும் சந்தோஷம். மெஷ் வாங்குகிறவர்கள் கடை அண்ணாச்சியிடம் முன் பேனலைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், நீங்களும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் கொக்கியில் நிற்கிற பேனல் அடிக்கடி கழற்றினால் கொக்கி ஒடியும், உலோக உருண்டை முனையில் நிற்பதோ காந்தத்தில் நிற்பதோ நல்லது. பேனலோடு பவர் பட்டன் ஒயரும் சேர்ந்து வருகிற மாடல் என்றால் வேறு காட்டச் சொல்லுங்கள். குழாயடிக்கு அதைக் கொண்டுபோக முடியாது.