ஃபெண்டர் புளூஸ் ஜூனியர் 4: பெடல் வரிசையோடு இரண்டு ஆண்டுகள்

கிட்டார் ஒலியை மாற்றும், காலால் மிதித்து இயக்கும் ஆறு பெடல்களை வரிசையாக இணைத்து, அவற்றை ஒரு சிறிய வால்வு ஆம்பில் (வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் பெட்டி) செருகி வாசிக்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னிடம் இருப்பது ஃபெண்டர் புளூஸ் ஜூனியர் ஆம்பின் நான்காம் பதிப்பு. 2018-இல் சந்தைக்கு வந்தது. திறன் 15 வாட். பவர் பகுதியில் இரண்டு இஎல்84 வால்வுகளும், அவற்றுக்கு முன்னால் மூன்று 12ஏஎக்ஸ்7 வால்வுகளும் உள்ளன. 12 அங்குல செலஸ்டியன் ஏ-டைப் ஸ்பீக்கர், கூடத்தில் ஒலிப்பது போன்ற முழக்கத்தைக் கம்பிச்சுருளால் தரும் ஸ்பிரிங் ரிவெர்ப், ஒரே ஒரு சேனல், ஒரே ஒரு இன்புட். எடை சுமார் 14 கிலோ என்பதால், ஒரு கையில் ஆம்பும் தோளில் கிட்டார் பையுமாக மாடிப்படி ஏறிவிட முடிகிறது.

இந்த ஆம்பில் எஃபெக்ட்ஸ் லூப் கிடையாது. வாங்குவதற்கு முன் எல்லோரும் யோசிக்க வேண்டியது இதைத்தான். லூப் உள்ள ஆம்புகளில், கிட்டாரின் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கி அதன் குணத்தை உருவாக்கும் முன்பகுதிக்கும், ஸ்பீக்கரை இயக்கும் பவர் பகுதிக்கும் நடுவே எதிரொலி தரும் டிலே, ரிவெர்ப் போன்ற பெடல்களைச் செருகலாம். இங்கே அந்த வாசல் இல்லாததால் எல்லாப் பெடல்களும் ஆம்புக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். ஆகவே பெடல்களின் வரிசையைப் போலவே, ஆம்பில் முன்பகுதியின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்யூம், மொத்த ஒலியளவைக் கட்டுப்படுத்தும் மாஸ்டர் ஆகிய இரண்டு குமிழ்களை எங்கே வைக்கிறோம் என்பதும் ஒலியைத் தீர்மானிக்கிறது. வாங்கிய முதல் மாதம் இது எனக்குப் புரியவில்லை. வால்யூமை 9 வரை ஏற்றி மாஸ்டரை 3-இல் வைத்து, ஆம்பிலிருந்தே இனிமையான டிரைவ் (கரகரப்பான சிதைவொலி) வரவழைத்துக்கொண்டு, அதன் மேல் டிலே பெடலை மிதித்தேன். மிதித்ததும் ஒலி சேறாகிவிட்டது.

காரணம் எளிது. டிலே தரும் எதிரொலிகள் ஒவ்வொன்றும் முந்தையதைவிடத் தணிந்து தேய வேண்டும். அவை ஏற்கெனவே நிரம்பி வழியும் முன்பகுதிக்குள் நுழையும்போது ஆம்ப் அவற்றையும் அமுக்கி, மூல ஸ்வரத்துக்கு ஏறத்தாழச் சமமாக உயர்த்திவிடுகிறது; அத்துடன், எதிரொலியும் புதிதாக மீட்டும் ஸ்வரமும் ஒரே வால்வில் மோதிச் சிதைகின்றன. மாறாக, வால்யூமை 3-இல் நிறுத்தி மாஸ்டரை 8-க்கு ஏற்றினால் முன்பகுதி சிதைவில்லாமல் க்ளீனாக இருக்கும். அப்போது டிலே ஆம்புக்கு முன்னால் இருந்தாலும் ஒவ்வோர் எதிரொலியும் தனித்தனியே கேட்கும், மழை ஓய்ந்த பின் ஓட்டுக்கூரை விளிம்பிலிருந்து விட்டுவிட்டு விழும் சொட்டுகளைப் போல. இந்த அமைப்புக்கு வந்த பிறகுதான் ஆம்பின் உண்மையான அருமை எனக்குத் தெரிந்தது. டிரைவை ஆம்பிடம் கேட்காமல் பெடல்களிடம் கேட்டு வாங்குகிறவர்களுக்கு லூப் இல்லாதது பெரிய குறையே அல்ல.

என் வரிசை இப்படி அமைந்திருக்கிறது: ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரிலிருந்து முதலில் ஒலியை முரட்டுத்தனமாகச் சிதைக்கும் ஃபஸ் ஃபேஸ், அடுத்து ஒலியைக் குரல்போல் வளைக்கும் கிரை பேபி வா பெடல், சுருதி சேர்க்க பாஸ் டியூ-3 ட்யூனர், டிரைவ் தரும் ஐபனெஸ் டிஎஸ்9 ஓவர்டிரைவ், பலர் சேர்ந்து வாசிப்பதுபோல் ஒலியை விரிக்கும் பாஸ் சிஇ-2டபிள்யூ கோரஸ், கடைசியாக பாஸ் டிடி-8 டிலே. ஃபஸ் ஃபேஸ் முதலிடத்தில் இருப்பதற்குத் தக்க காரணம் உண்டு. அந்தப் பழைய சுற்றின் இன்புட் மின்தடை மிகக் குறைவு. தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் கிட்டாரின் பிக்கப்பை நேரடியாகத் தொட்டால்தான் அது ஒழுங்காக இயங்கும். ட்யூனருக்குப் பின்னால் அதை வைத்துப் பார்த்தேன். ட்யூனரில் உள்ள பஃபர், அதாவது சமிக்ஞையை வலுவாக்கி அனுப்பும் சுற்று, பிக்கப்பை ஃபஸ்ஸிடமிருந்து மறைத்துவிட்டது. கிட்டாரின் வால்யூமைச் சற்றுக் குறைத்ததும் ஃபஸ் தெளிந்து கண்ணாடிபோல் ஒலிக்கும் அந்த அழகு காணாமல் போனது. முன்னுக்குக் கொண்டுவந்ததும் அது திரும்பிவிட்டது.

அதே பஃபர் மற்ற பெடல்களுக்கு உதவியாக இருக்கிறது. கேபிள் நீள நீள அதன் மின்தேக்கம் கூடி, பிக்கப்பிலிருந்து வரும் மேல்ஸ்தாயி ஒலியைத் தின்றுவிடும். ஆறு மீட்டர் கேபிள், அதற்கு மேல் பெடல்களை இணைக்கும் ஐந்து பேட்ச் கேபிள்கள், பிறகு ஆம்புக்குச் செல்ல இன்னோர் ஆறு மீட்டர் என்று கூட்டினால் இழப்பு காதுக்கே தெரியும். பாஸ் நிறுவனத்தின் சிறிய பெடல்கள் அணைந்திருக்கும்போதும் பஃபர் வழியாகவே சமிக்ஞையை அனுப்புவதால், வரிசையின் நடுவே ட்யூனர் இருப்பது அந்த இழப்பைத் தடுக்கிறது. எல்லாமே ட்ரூ பைபாஸ் (அணைந்திருக்கும்போது சமிக்ஞையை எந்தச் சுற்றும் தொடாமல் கடத்தும்) பெடல்களாக இருக்க வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடிக்கிறார்கள். இத்தனை நீளமான வரிசைக்கு அந்தப் பிடிவாதம் நல்லதல்ல என்பது என் முடிவு.

டிஎஸ்9 பெடலும் இந்த ஆம்பும் சேரும் சேர்க்கைக்காகவே நான் இரண்டையும் விற்காமல் வைத்திருக்கிறேன். சிறிய பெட்டி என்பதால் புளூஸ் ஜூனியரின் கீழ்ஸ்தாயி ஒலி உரக்க வாசிக்கும்போது சற்றுத் தொளதொளத்துப்போகும். டிஎஸ்9 கீழ்ப்பகுதியைக் குறைத்து நடுப்பகுதியைத் தூக்கிக் கொடுப்பதால் அந்தத் தளர்ச்சி மறைந்து, டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்து முழங்கும்போதும் தனி வாசிப்பு மேலெழுந்து நிற்கிறது. அதன் டிரைவ் குமிழைக் கால்வாசிக்கு மேல் நான் திருப்புவதில்லை; லெவலை மட்டும் முக்கால் பங்கு ஏற்றுகிறேன். அப்போது ஆம்பின் முதல் வால்வு பெடலின் தள்ளுதலில் லேசாக நிரம்பி வழிகிறது. விரலின் அழுத்தத்துக்கு ஏற்பக் கூடிக் குறையும் அந்த டிரைவை இரண்டில் எதுவும் தனியாகத் தருவதில்லை. ஆம்பில் உள்ள ஃபேட் பொத்தானும் நடுப்பகுதியை உயர்த்துகிறது. டிஎஸ்9 இருக்கும்போது அதற்குத் தேவை ஏற்படவில்லை.

கோரஸ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓவர்டிரைவுக்குப் பின்னால் வைத்தால் தெளிவாகவும், முன்னால் வைத்தால் கலங்கியும் கேட்கும். 1975-இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 ஆம்புக்குள்ளேயே முதலில் குடியிருந்த கோரஸ், அடுத்த ஆண்டு சிஇ-1 என்ற பெயரில் தனிப் பெடலாக வெளியே வந்தது என்பதை நினைத்தால், அதற்கு ஏன் க்ளீன் ஆம்ப் இவ்வளவு பொருந்துகிறது என்பது விளங்கும்.

ரிவெர்பைப் பொறுத்தவரை தனிப் பெடல் வாங்க வேண்டியதில்லை. ஆம்புக்குள் இருக்கும் ஸ்பிரிங் ரிவெர்ப் எல்லாப் பெடல்களுக்கும் பின்னால், அது இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது. குமிழை 4-க்கு மேல் கொண்டுபோகாமல் வைத்தால், டிலேயின் எதிரொலிகளுக்கு ஒரு கூடத்தின் ஆழம் கிடைக்கிறது. லூப் இல்லாத குறையில் பாதியை இதுவே ஈடுசெய்துவிடுகிறது.

மின்சாரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தொடக்கத்தில் நான் பெயர் தெரியாத ஒரு மலிவான 9 வோல்ட் அடாப்டரில் சங்கிலிக் கேபிள் போட்டு எல்லாப் பெடல்களுக்கும் மின்சாரம் கொடுத்தேன். கொசுவின் ரீங்காரம் போல மெல்லிய கீச்சொலி ஒன்று ஆம்பிலிருந்து இடைவிடாமல் வந்தது. ஆம்பில்தான் பழுது என்று இரண்டு நாட்கள் தவித்தேன். பெடல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, கடைசியில் டிஎஸ்9 பெடலை மட்டும் 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டியபோது சத்தம் சட்டென்று நின்றது. டிஜிட்டல் டிலே உண்டாக்கும் இரைச்சல், பொதுவான மின்கம்பி வழியே ஓவர்டிரைவுக்குள் புகுந்து பெருகிக்கொண்டிருந்திருக்கிறது. வால்வு ஆம்ப் இதையெல்லாம் மன்னிக்காமல் எடுத்துக்காட்டிவிடும். ஒவ்வொரு பெடலுக்கும் தனித்துப் பிரிக்கப்பட்ட அவுட்புட் கொண்ட பவர் சப்ளை வாங்கிய பிறகு அந்தக் கீச்சொலி ஒருநாளும் வந்ததில்லை. அப்படி வாங்கும்போது டிஜிட்டல் பெடலுக்குப் போதுமான மில்லி ஆம்பியர் கிடைக்கிறதா என்று கவனியுங்கள். ஓவர்டிரைவைப் போலப் பல மடங்கு மின்னோட்டம் அதற்கு வேண்டும்.

15 வாட் என்றதும் வீட்டுக்கு ஏற்றது என்று எண்ணிவிட வேண்டாம். மாஸ்டரை 8-இல் வைத்தால், வால்யூம் 3-இல் இருந்தாலும் அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள். இரவில் நான் மாஸ்டரை 2-க்கு இறக்கி வாசிக்கிறேன். க்ளீன் ஒலி அப்போதும் கெடுவதில்லை, பெடல்களும் தம் குணத்தை இழப்பதில்லை, ஸ்பீக்கரின் மூச்சு மட்டும் குறைகிறது.

ஆம்பின் சொந்த டிரைவையே முதன்மையாக விரும்பி, அதன் மேல் தெளிவான டிலேவும் வேண்டும் என்கிறவர்கள் இதை வாங்க வேண்டாம். லூப் உள்ள மார்ஷல் டிஎஸ்எல்20சிஆர் அவர்களுக்குப் பொருந்தும். எடையையும் ஓசையையும் தாங்க முடிந்தால் 40 வாட் ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸும் ஆகும். புளூஸ் ஜூனியரிலேயே அப்படி வாசித்தாக வேண்டிய பாடல்களுக்கு, நான் டிலேயின் எஃபெக்ட் லெவலைக் கால்வாசிக்குக் கீழே இறக்கி, எதிரொலியை இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன்; சேறு தெளிந்து, வாசிப்புக்குப் பின்னால் ஒரு நிழல் மட்டும் மிஞ்சுகிறது.