‘உலகக் குழந்தைகள்’ என்று எழுதிக் கொடுத்தேன்: ஒரு வழிகாட்டல் திட்டத்தைப் பற்றி

விண்ணப்பப் படிவத்தில் ‘உங்கள் இலக்கு’ என்ற கட்டத்தில் “உலகக் குழந்தைகளின் உயிர் காப்பது” என்று எழுதியிருந்தேன். இப்போது அதைத் திறந்து பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. அதைப் படித்தவர்கள் ‘சரி, எந்தக் குழந்தைகள்?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமலேயே எனக்கு ஒரு வழிகாட்டியைக் கோத்துவிட்டார்கள்.

நான் குழந்தை மருத்துவர், மேற்படிப்பு முடித்து மூன்று வருஷம் ஆகிறது. நான் சேர்ந்தது உலகக் குழந்தைநலத் துறைக்குள் நுழைய நினைப்பவர்களுக்கான பன்னிரண்டு மாத இணையவழித் திட்டம். மாதம் ஒருமுறை வழிகாட்டியுடன் முக்கால் மணி நேர வீடியோ அழைப்பு, நாலு பேர் கொண்ட ஒரு சிறு குழு, இரண்டு வாரத்துக்கொரு பொது வகுப்பு. நடத்துபவர்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே அச்சில் வார்த்த திட்டங்கள் நிறைய இருக்கின்றன.

பொது வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்லைடில் இருப்பதை வாசித்தார்கள். ‘தலைமைப் பண்பு’ என்ற தலைப்பில் மூன்று வகுப்பு நடந்தது. மூன்றிலும் கேமராவை அணைத்துவிட்டுத் துணி மடித்தேன்.

முதலில் கிடைத்த வழிகாட்டி தடுப்பூசிக்கான நிதி விவகாரங்களில் பெரிய ஆள். நாலு அழைப்பில் மூன்றை ரத்து செய்தார். நடந்த ஒன்றில் என் பயோடேட்டாவில் எழுத்துருவை மாற்றச் சொன்னார். ஆளை மாற்றித் தரும்படி எழுதினேன், அதற்கு ஆறு வாரம் ஆனது. வருஷத்தில் பாதி அப்படியே போயிற்று. மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இரண்டாவதாக வந்தவர் வயிற்றுப்போக்கு நோய்களோடு முப்பது வருஷம் களத்தில் கழித்து ஓய்வு பெற்றவர். மேடம் என்று கூப்பிடுவேன். அவருக்கு அது பிடிக்காது, எனக்கோ வாயில் வேறெதுவும் வரவில்லை. முதல் அழைப்பில் நான் படித்து வைத்திருந்ததையெல்லாம் ஒப்பித்தேன். 2022ல் ஐந்து வயது நிரம்பாமல் இறந்தவர்கள் 49 லட்சம், அதில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் பிறந்த 28 நாளுக்குள். 2030க்குள் பச்சிளங்குழந்தை இறப்பை எல்லா நாடுகளும் ஆயிரம் பிறப்புக்கு 12 அல்லது அதற்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா. இலக்கு. பொறுமையாகக் கேட்டார். பிறகு, உங்கள் வார்டில் கடைசியாக இறந்த பத்துக் குழந்தைகள் எதனால் இறந்தார்கள் என்றார். எனக்குத் தெரியவில்லை. தினமும் நான் வேலை பார்க்கும் வார்டு அது.

அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. அழைப்புக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும்: என்ன பார்த்தேன், என்ன புரியவில்லை, அடுத்து என்ன செய்யப் போகிறேன். பக்கம் வராவிட்டால் அழைப்பும் கிடையாது. ஒரு மாதம் டியூட்டியைச் சாக்குச் சொல்லி அனுப்பாமல் விட்டேன். நிஜமாகவே அவர் வரவில்லை. முதல் ஆள் ரத்து செய்தபோது வந்தது எரிச்சல். இந்த முறை வெட்கம்.

முதல் பக்கத்துக்காகப் பழைய கேஸ் ஷீட்டுகளை எடுத்து உட்கார்ந்தேன். இறப்புக்கான காரணம் என்ற இடத்தில் ‘குறைப்பிரசவம்’, ‘கிருமித்தொற்று’ என்று இருந்தது. வார்டுக்குள் வந்தபோது குழந்தையின் உடல் வெப்பம் எவ்வளவு என்ற கட்டம் பல தாள்களில் காலி. எழுதியிருந்த தாள்களிலும் 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழேதான் நிறைய. அதற்குக் கீழே போனாலே உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அந்தக் குழந்தை குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். பிரசவ அறைக்கும் எங்கள் வார்டுக்கும் நடுவில் ஒரு நீண்ட நடைவழியும் எப்போதும் காத்திருக்க வைக்கும் ஒரு லிஃப்டும் இருக்கின்றன. என் உலகக் குழந்தைகள் அந்த நடைவழிக்குள் அடங்கிப்போனார்கள்.

இவ்வளவு சிறிய விஷயத்துக்கா இந்தத் துறைக்கு வந்தேன் என்று ஒரு பக்கத்தில் புலம்பினேன். பதிலுக்கு ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது, முடிவுப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு. கென்யா, உகாண்டா, தான்சானியா மருத்துவமனைகளுக்குக் கடும் காய்ச்சலோடும் ரத்த ஓட்டம் குன்றியும் வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். வந்தவுடன் நரம்பு வழியாக வேகமாகத் திரவம் ஏற்றுவது நல்லதா, கெட்டதா? நான் யோசிக்கவே இல்லை. ஏற்ற வேண்டும், பாடமே அதுதான் என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் வெட்டிய பகுதி வந்தது. 2011ல் வெளியான ஃபீஸ்ட் ஆய்வு அது. வேகமாகத் திரவம் ஏற்றிய இரு பிரிவுகளிலும் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் 10.6, 10.5 சதவீதம். ஏற்றாத பிரிவில் 7.3. இடையிலேயே ஆய்வை நிறுத்த வேண்டியதாயிற்று. (வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தைகள் இந்த ஆய்வில் இல்லை. அதை நான் கவனித்தேனா என்பதற்கும் தனியாக ஒரு கேள்வி வந்தது.) அன்றிரவு வார்டில் சலைன் பாட்டிலைத் தொடும்போதெல்லாம் கை ஒரு நொடி நின்றது.

நடைவழிக்குத் திரும்பினேன். குறைந்த எடைக் குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைக்கும் கங்காரு முறை 1978ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கியது. அது எனக்குத் தெரியும். ஆனால் குழந்தையின் நிலை தேறிய பிறகுதான் அதைச் செய்ய வேண்டும் என்று படித்திருந்தேன். 2021ல் வெளிவந்த ஐந்து நாட்டு ஆய்வில், பிறந்ததும் காத்திருக்காமல் தொடங்கியபோது 28 நாளுக்குள் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12.0 ஆகக் குறைந்திருக்கிறது. அதன்பின் உலக சுகாதார நிறுவனமும் தன் பரிந்துரையை மாற்றிக்கொண்டது. அப்படியானால் லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் குழந்தை ஏன் டிராலியில் கிடக்கிறது? இதுதான் என் கேள்வி. இதைக் கண்டுபிடிக்க நாலு பக்கம் தேவைப்பட்டது.

குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாலு பேரில் இரண்டு டாக்டர்கள், ஓர் ஊட்டச்சத்து நிபுணர், ஒரு நர்ஸ். திட்டம் முழுக்க டாக்டர்களை மனதில் வைத்தே தைத்த சட்டை, மற்ற இருவருக்கும் அது தொளதொளத்தது. ஆனால் கூட்டங்களில் உருப்படியாகப் பேசியவர் அந்த நர்ஸ்தான். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேல்கையின் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கடும் ஊட்டச்சத்துக் குறைவு. அந்த அளவு நாடாவை அம்மாக்கள் கையிலேயே கொடுத்துவிட்டால் அவர்களே அளந்துகொள்வார்கள் என்று, தான் செய்து பார்த்ததைச் சொன்னார். அவருக்கு ஏற்ற வழிகாட்டி கடைசி வரை கிடைக்கவில்லை. இந்தத் திட்டத்தின் மேல் எனக்கிருக்கும் பெரிய குறை இதுதான்.

வேலை விஷயத்தில் திட்டம் காட்டிய வரைபடம் பழசாகிவிட்டது. சர்வதேச அமைப்புகள், நன்கொடைத் திட்டங்கள் என்று அம்புக்குறி போட்டிருந்தார்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்க வெளிநாட்டு உதவி நின்றபோது, பல நாடுகளில் குழந்தை இறப்பைக் கணக்கிட உதவிய டிஎச்எஸ் கணக்கெடுப்புத் திட்டமே நிறுத்தப்பட்டது. எங்கள் வகுப்புகளில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேடம் நேராகவே பேசினார்: பொதுச் சுகாதாரப் பட்டத்துக்கு இப்போதே ஓட வேண்டாம், கையிலிருக்கும் கேள்வியை முடியுங்கள், தரவு உங்கள் வார்டுடையது என்பதால் யார் உதவிக்கு வந்தாலும் கட்டுரையில் யார் பெயர் எங்கே என்பதை முதல் நாளே எழுதி வாங்குங்கள். சிபாரிசுக் கடிதம் கேட்டேன். நடைவழி வேலை முடிந்ததும் தருகிறேன் என்றார். முகம் சுருங்கத்தான் செய்தது.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்று. சேர நினைப்பவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: போன வருஷம் வழிகாட்டிகள் எத்தனை அழைப்புகளை ரத்து செய்தார்கள்? பதில் சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

திட்டம் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. யாரும் கேட்கவில்லை, இருந்தும் மாதாமாதம் ஒரு பக்கம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். போன பக்கத்தில், வெப்பநிலைக் கட்டம் இப்போது காலியாக இருப்பதில்லை, ஆனால் 35 என்ற எண்தான் திரும்பத் திரும்ப வருகிறது என்று எழுதினேன். ஒரு வரியில் பதில் வந்தது: உங்கள் தெர்மாமீட்டர் 35க்குக் கீழே காட்டுமா?

வார்டுக்குப் போய் எடுத்துப் பார்த்தேன். காட்டாது.