சிபிடி என்று சொல்லி 12 செஷனுக்குப் பணம் வாங்கியவர்

எனக்குத் தீவிர மனச்சோர்வு. மாத்திரையோடு, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சையான சிபிடியும் சேர்ந்தால் நல்லது என்றார் மருத்துவர். அவர் சொன்ன இடத்தில் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். எனக்குப் பொறுமையில்லை, ஆன்லைனில் ஒருவரைப் பிடித்தேன். பெயருக்குப் பின்னால் வரிசையாகச் சான்றிதழ்கள். எல்லாம் வார இறுதிப் பயிற்சிகள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. 12 செஷனுக்கும் மொத்தமாக முன்பணம் கேட்டார், கட்டிவிட்டேன்.

பாதி நேரம் தன் முன்னேற்றக் கதையைச் சொன்னார். மீதி நேரம், கண்ணாடி முன் நின்று "நான் சந்தோஷமாக இருக்கிறேன்" என்று 50 முறை சொல்லச் சொன்னார். பல் தேய்க்கவே மதியமாகிற ஆளிடம்! நான்காவது செஷனில், "மாத்திரை மனதை மழுங்கடிக்கும், நிறுத்திவிடுங்கள்" என்றார். நிறுத்தினேன். அந்த நிலையில் யார் எதை உறுதியாகச் சொன்னாலும் சரியென்றுதான் படும். மூன்றாம் நாள் தலைசுற்றல், மண்டைக்குள் ஷாக் அடிப்பது போல. கேட்டதற்கு, "உள்ளே இருக்கும் விஷம் வெளியேறுகிறது" என்றார்.

மருத்துவரிடம் ஓடினேன். அவர் திட்டவில்லை. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் இப்படித்தான் ஆகும், குறைப்பதானால் படிப்படியாகத்தான் என்று விளக்கிவிட்டு, "வீட்டுப்பாடம் என்ன கொடுத்தார்?" என்று கேட்டார். அப்படி ஒன்று உண்டென்றே எனக்குத் தெரியாது.

பிறகு காத்திருந்து சரியான இடத்துக்குப் போனேன். முதல் நாளே மனச்சோர்வின் தீவிரத்தை அளக்கும், 9 கேள்விகள் கொண்ட பிஎச்க்யூ-9 தாள், மதிப்பெண் 0 முதல் 27 வரை. கடைசிக் கேள்வி, செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்பது. முந்தையவர் நான்கு செஷனிலும் அதைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பேன்.

மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய சிபிடி, நல்லதையே நினை என்று சொல்வதல்ல. தோழி போனை எடுக்கவில்லை, உடனே 'என்னை வெறுக்கிறாள்' என்று தோன்றுகிறது. அதை ஒரு தாளில் எழுதி, அதற்கான ஆதாரம் ஒரு கட்டத்தில், எதிரான ஆதாரம் இன்னொரு கட்டத்தில். கூடவே பத்து நிமிட நடை மாதிரிச் சின்ன வேலை ஒன்று. முன்னும் பின்னும் மனநிலைக்கு மதிப்பெண். சலிப்பான தாள்தான், ஆனால் என்னை அசைத்தது அதுதான்.

பணம் கட்டுவதற்கு முன் படிப்பையும் உரிமத்தையும் கேளுங்கள். முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள், என் மருத்துவரிடம் பேசுவீர்களா என்றும் கேளுங்கள். மழுப்பினால் கிளம்பிவிடுங்கள்.

மீதி 8 செஷனுக்கான பணம் வரவில்லை. "உங்களுக்கு மாற விருப்பமில்லை" என்று ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது. அந்த வாரத் தாளில் அதையும் எழுதினேன். எதிரான ஆதாரக் கட்டத்தில் இடம் போதவில்லை.